அந்த ஒரு பல்லின் வெண்மை

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தன் கணவர் சில மாதங்களாக வாயைத் திறக்காமலே சிரிப்பதை அவள் கவனித்திருந்தாள். பிறர் பற்களைக் கவனிப்பது அவள் பிழைப்பு. மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளைக் கொண்டு, உடைந்த பற்களுக்குப் பீங்கானில் உறை செய்பவள் அவள். கணவருடைய முன்பல்லின் உறையும் அவள் கைவேலையே. கல்யாணத்துக்கு முன் அந்நியராக வந்த அவரைச் சன்னலோரம் அமர்த்தி, நிற மாதிரிகளை ஒவ்வொன்றாக உதட்டருகே பிடித்து, வெகுநேரம் ஒப்பிட்டுச் செய்தாள். மறுமாதமே அவர் பெண் கேட்டு வந்தார். "மாட்டைத்தான் பல்லைப் பிடிச்சுப் பாத்து வாங்குவாங்க, எங்க அண்ணி மாப்பிள்ளையையே அப்படி எடுத்தவங்க" என்று நாத்தனார் இன்றும் கேலி செய்வதுண்டு.

ஒரு நாள் காலையில், பற்களை வெளுக்கச் செய்துகொள்ளப் போவதாகக் கணவர் அறிவித்தார். கிளினிக்கில் ஒரே அமர்வில் முடித்துவிடுவார்களாம். ஏன் என்று கேட்டதற்குச் சும்மாதான் என்றார்.

அவளுக்குத் தெரியும்: இயற்கைப் பல் மருந்துக்கு வெளுக்கும், பீங்கான் வெளுக்காது. மற்ற பற்கள் உறையைத் தாண்டி வெளுத்துவிட்டால், அதைப் பெயர்த்து எறிந்துவிட்டு வேறொன்று வைக்க வேண்டும். அந்தப் பல் அவருக்குக் கசந்துவிட்டதா என்று கேட்க நினைத்தாள், கேட்கவில்லை. உடன் வருவதாக மட்டும் சொன்னாள்.

பல் மருத்துவர் அவளை அக்கா என்று அழைக்கும் இளம்பெண். இரு முறைகளையும் பொறுமையாக விளக்கினார். கிளினிக்கில் செய்தால், ஈறுகளை மூடிவிட்டு வீரியமான ஜெல்லைத் தடவுவார்கள். பலன் அன்றே தெரியும். ஆனால் எந்த நிறத்தில் வந்து நிற்கும் என்று அறுதியிட்டுச் சொல்ல இயலாது, சிலருக்குக் கூச்சமும் கடுமையாக இருக்கும். வீட்டில் செய்வதானால், பல்வரிசைக்குப் பொருந்திய மெல்லிய தட்டில் வீரியம் குறைந்த ஜெல்லை இட்டு, அன்றாடம் சிறிது நேரம் அணிய வேண்டும். நாளாகும்; ஆனால் வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

எவ்வளவு வெள்ளை வேண்டும் என்று மருத்துவர் கேட்டார். கணவர் தம் முன்பல்லைத் தொட்டுக் காட்டினார்.

"இந்தப் பல்லு அளவுக்கு வந்தா போதும், டாக்டர்."

தேநீரும் வயதும் மற்ற பற்களை மஞ்சளாக்கியிருந்தன. உறை மட்டும் அவள் செய்த நாளில் இருந்த நிறத்திலேயே நின்றது. அந்த ஒன்றை மாற்றிவிட்டால் எளிதாயிற்றே, அக்காவே செய்துவிடுவாரே என்றார் மருத்துவர்.

"அது வேணாம். வண்டி கத்துக்க வர்றவங்க, அந்த ஒரு பல்லு மட்டும் பொய்ப்பல்லான்னு கேக்குறாங்க. இவ வேலைலதான் குறைன்னு ஆகிடுதுல்ல? குறை என் பல்லுல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அதுலயும் கறை ஏறட்டும்னு கடுந்தேநீரை வாயில அடக்கிப் பாத்தேன். ஏறல."

கழுவுதொட்டியருகே கன்னம் உப்ப அவர் நின்ற காலைகள் அவள் நினைவுக்கு வந்தன. பல்வலி என்று எண்ணி அவள் கிராம்பு கொடுத்திருந்தாள். அவரும் மறுபேச்சின்றிக் கடித்திருந்தார்.

"பீங்கான்ல கறை ஏறாதுங்க," என்றாள். "இருக்குற பல்லையும் இன்னும் மஞ்சளாக்கிட்டு வந்து உக்காந்திருக்கீங்க."

"நல்லவேளை, மையைக் கொப்பளிக்காம விட்டாரே அக்கா," என்றார் மருத்துவர்.

வீட்டு முறையே முடிவாயிற்று. தட்டுகளை அவளே செய்தாள். முதல் நாள் அவர் தாராளமாக ஜெல்லைப் பிதுக்கியதில் ஈறு எரிந்துபோயிற்று. அதன் பின் அளவிட்டு இடும் பொறுப்பை அவளே ஏற்றாள். தட்டு வாயிலிருக்கும் வேளையில் அவர் பேச்சு குழறும். சண்டையிலும் அவர் பங்கைச் சேர்த்து அவளே பேசினாள். கழற்றியதும் அவரைச் சன்னலோரம் நிறுத்தி, முகவாயைப் பிடித்து உயர்த்திப் பார்ப்பாள்.

ஒரு மாலையில் வெகுநேரம் பார்த்துவிட்டுத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். குழாயில் ஜெல் மிச்சமிருக்கிறதே, இன்னும் கொஞ்சம் வெளுத்தால் என்ன என்று அவர் கேட்டார்.

"போதும். இதுக்கு மேல வெளுத்தா என் பல்லு மங்கலாத் தெரியும்."

"உன் பல்லா? என் வாயில இருக்கு."

"வாடகைக்கு இருக்கு."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அதில் எது தான் செய்த பல் என்று அவளுக்கே ஒரு கணம் பிடிபடவில்லை.