பென்சில் குறி இல்லாத பத்திரிகை

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பிறந்தது. இங்கிலாந்தில், இந்த இப்ஸ்விச்சிலேயே இன்னும் இரண்டு வருஷம் இருக்கட்டுமா என்று அம்மாவிடம் கேட்டிருந்தேன். பதில் வரவில்லை. வெளிநாட்டில் தனியாக இருந்து நூடுல்ஸே தின்று ஈரல் கெட்டுப்போன ஒரு பையனின் செய்தி வந்தது. மறுநாள் அதே பையன், வேறு படத்தோடு.

என்னைப் பற்றி எழுதினால் வீட்டில் சண்டை வரும். அதனால் கதையை நூற்று நாற்பது வருஷம் பின்னால் தள்ளி, இதே ஊரிலிருந்து ஒரு பெண்ணைப் பிடித்துப் போட்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: ‘நேப்பிள்ஸ் வளைகுடாவில் பொன்னிறச் சூரியன்...’ வேண்டாம். சூரியனுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

இரண்டாம் தொடக்கம்: ‘முப்பத்துநாலு வயதில் லெட்டிஸ் பில்பீம் முதன்முறையாக அப்பாவின் சொல்லை மீறி...’ அவள் இன்னும் மீறவில்லையே. அதுதானே கதை.

நேராகவே சொல்கிறேன். 1882, மார்ச். இப்ஸ்விச் தானிய வியாபாரி ஜோசையா பில்பீமின் ஒரே மகள் லெட்டிஸ். அம்மா இறந்த பிறகு பதினாறு வருஷம் அப்பாவுக்கு அவள்தான் எல்லாம். நெஞ்சுச்சளிக்கு வெயில் நல்லது என்று டாக்டர் சொன்னதால் டார்க்கஸ் சித்தி இத்தாலியில் இருக்கும் நேப்பிள்ஸுக்குக் கிளம்ப, துணைக்கு இவளும் வந்தாள். தங்கியிருந்த விடுதிக்கு எதிரே ஒரு பெண்கள் பள்ளி. இங்கேயே இருந்து ஆங்கிலம் சொல்லித் தருகிறாயா என்று கேட்டார்கள். ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை ஊருக்குக் கப்பல். அதற்குள் முடிவு சொல்ல வேண்டும்.

‘இருக்கட்டுமா அப்பா?’ என்று எழுதிப் போட்டாள்.

ஜோசையா கடிதம் எழுதுகிற ஆள் இல்லை. (எழுதத் தெரியும். கடிதம் என்பது, அனுப்பப் பத்திரிகை இல்லாதவர்கள் செய்கிற காரியம் என்பது அவர் எண்ணம்.) ஊர்ப் பத்திரிகையை எடுப்பார், மகள் படிக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போடுவார், சுற்றி அனுப்பிவிடுவார்.

முதல் பத்திரிகை: ‘நேப்பிள்ஸில் ஆங்கிலச் சீமாட்டியின் கைப்பை பறிப்பு.’ ஒரு குறி.

இரண்டாவது: ‘இத்தாலியில் நண்டு தின்ற பாதிரியார் மரணம்.’ இரண்டு குறி.

மூன்றாவதில் ஒரு இரங்கல் செய்தி. நாற்பது வருஷம் தந்தையை விட்டு ஒருநாளும் பிரியாத மிஸ் தப்ஸ் காலமானார். மூன்று குறி.

“ஏன்டி லெட்டி, செத்தவளுக்கு எதுக்குடி மூணு?” என்றாள் சித்தி.

“நல்ல மகளாம் சித்தி.”

“நல்ல மகதான். ஆனா பேப்பர்ல பேர் வர அவ சாக வேண்டியிருக்கு பாரு.”

லெட்டிஸும் சும்மா இருக்கவில்லை. நேப்பிள்ஸில் வரும் ஆங்கில வாரப் பத்திரிகையில் ‘வானிலை இதமாக உள்ளது’ என்ற வரிக்குக் குறி போட்டு அனுப்பினாள். அதற்குப் பதிலாக நான்காவது பத்திரிகை: ‘தனியே வசித்த நார்விச் கனவான் சொந்த வீட்டு மாடிப்படியில் விழுந்து படுகாயம்.’ இரண்டு குறி.

3

[இந்த இடத்தில் ஜோசையாவை வில்லனாக்கப் பார்த்தேன். மீசையெல்லாம் வைத்தேன். நிற்கவில்லை. கண் மங்கிய மனிதர். வாசித்துக்காட்ட ஆள் இல்லாத வீட்டில், பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு எட்டுப் பக்கத்தையும் தடவித் தடவி ‘நேப்பிள்ஸ்’ என்ற ஒரு சொல்லைத் தேடுகிறார். அப்படித் தேடுகிறவரை நான் எப்படி... சரி, கதைக்குப் போவோம்.]

4

கப்பலுக்கு முந்தின வியாழக்கிழமை ஐந்தாவது பத்திரிகை வந்தது. குறியே இல்லை.

“மறந்திருப்பாரு,” என்றாள் சித்தி.

“யாரு, அப்பாவா? மழைக்காலத்துல குடைய மறந்தாலும் மறப்பாரு, இத மறக்க மாட்டாரு.”

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அழித்த தடம்கூட இல்லை. கடைசியில் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பன்றிச் சந்தை, தேவாலயக் கூரை, காணாமல்போன பசு. ஏழாம் பக்கத்து மூலையில் ஒரு சின்ன விளம்பரம்:

‘வயதான கனவானின் வீட்டைக் கவனிக்கப் பெண் தேவை. காலையில் பத்திரிகை வாசித்துக்காட்ட வேண்டும். வலிக்கும் காலுக்குக் கம்பளித் துணி சுற்றத் தெரிந்திருக்க வேண்டும். முட்டை நான்கு நிமிடம். ஞாயிறு பிற்பகல் விடுமுறை. விசாரிக்க: ஜே. பில்பீம்.’

“ஞாயித்துக்கிழமை லீவா!” லெட்டிஸ் கத்தினாள். “பதினாறு வருஷத்துல எனக்கு ஒருநாள் குடுத்ததில்லையே!”

“நீயே மனு போடுடி. லீவாவது மிஞ்சும்.”

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரிப்பு முதலில் நின்றது லெட்டிஸுக்கு.

“சித்தி, இது நான் பாக்கணும்னு அனுப்பினதா, பாக்க மாட்டேன்னு நெனச்சு அனுப்பினதா? இருன்னு சொல்றாரா, வான்னு சொல்றாரா?”

“எனக்கு என்னடி தெரியும்? உங்கம்மாகிட்ட கட்டிக்கிறியான்னு அந்த மனுஷன் கேக்கவே இல்ல. எங்க வீட்டு வாசல்ல ஒரு கூடை பட்டாணிய வெச்சுட்டுப் போயிட்டாரு. நாங்க அத உரிச்சு சமைச்சுத் தின்னுட்டோம். மூணு மாசம் கழிச்சுத்தான் அவளுக்கே வெளங்குச்சு.”

5

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில் அவள் ஊர் திரும்புகிறாள். கதவைத் திறப்பது ஒரு புதுப் பெண். உள்ளே முட்டை வெந்துகொண்டிருக்கிறது. ‘யாரைப் பார்க்கணும்?’ என்கிறாள் அந்தப் பெண்.

இன்னொன்றில் லெட்டிஸ் நேப்பிள்ஸில் இருந்துவிடுகிறாள். வாராவாரம் பத்திரிகை தவறாமல் வருகிறது, குறிகளோடு. ஆனால் குறிகள் அழகாக, நேராக இருக்கின்றன. அது அப்பாவின் கை இல்லை.

இரண்டையும் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். எதையும் வைத்துக்கொள்ள மனம் வரவில்லை.

ஆகவே சனிக்கிழமை காலை, துறைமுகம். சித்தி மேலே ஏறிவிட்டாள், தளத்திலிருந்து கைக்குட்டையை ஆட்டுகிறாள். லெட்டிஸ் கீழே நிற்கிறாள். சுமைகூலிக்காரன் அவளுடைய பெட்டியைத் தோளில் தூக்கிவிட்டுக் கேட்கிறான்:

“கப்பலுக்காம்மா, ஊருக்குள்ளயா?”

அவள் என்னைப் பார்க்கிறாள். நான் உங்களைப் பார்க்கிறேன். பதினாறு வருஷத் துணிமணி, கனமான பெட்டி, அவனுக்குத் தோள் இறங்குகிறது. சீக்கிரம் ஏதாவது சொல்லுங்கள்.