அவர் பிடித்த கடைசி மீன்

என் கணவர் உருத்திரமூர்த்திக்கு வீட்டுக்குள் இருந்தால் மூச்சு முட்டும். இந்தப் பனி நாட்டுக்கு வந்து கர்க்லாண்டில் இவ்வளவு பெரிய வீட்டை வாங்கிப் போட்டுவிட்டு, லீவு நாளில் அதற்குள் அவரைக் காண எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. கோடையில் கூடாரம். இலை உதிரும் காலத்தில் மலை. பனிக்காலத்தில் உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு மீன்பிடி. பாண் சுடுகிற பேக்டரியில் இரவு வேலை முடித்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு போகிற மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. விசர் மனிசன் என்று எத்தனை தரம் திட்டியிருப்பேன். சிரித்துக்கொண்டே போவார்.

ஆனால் நியாயத்தையும் சொல்ல வேண்டும். எந்தக் காட்டுக்குப் போனாலும் சனிக்கிழமை மத்தியானச் சோற்றுக்கு வீட்டில் நிற்பார். ஏரியில் இருந்தே போன் எடுத்து, "உலை வைச்சிட்டியோ ஞானம்?" என்று கேட்பார். பிள்ளைகள் ரதீசனும் தனுஷாவும் தனித்தனியாக வீடெடுத்துப் போன பிறகும் அந்தச் சோறு நிற்கவில்லை. எங்கிருந்தாலும் வந்துவிடுவார்கள். வராவிட்டால் இவர் போய்க் கூட்டிக்கொண்டு வருவார்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை பெரிய மீன் ஒன்றோடு வந்தார். பிரொஷே என்று இங்கே சொல்லுவார்கள். நீண்ட வாய், நாய்க்கு இருக்கிற மாதிரிப் பல்லு, உடம்பெல்லாம் முள். இங்கத்தைய ஆட்களில் பாதிப்பேர் அதைப் பிடித்தாலும் திரும்பத் தண்ணீருக்குள் விட்டுவிடுவார்கள். அன்றைக்குப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் காய்ச்சல். "இதை வெட்டாதை ஞானம், அடுத்த சனி பிள்ளையள் வரட்டும்" என்று முழுசாகப் பையில் சுற்றி பேஸ்மென்ட் பிரீசரில் வைத்தார். அடுத்த சனிக்கு அவர் இல்லை. புதன்கிழமை காலை எழுப்பப் போனேன், எழும்பவில்லை.

செத்தவீட்டுக்கு வந்த சனம் என்னென்னவோ சொல்லி ஆறுதல்படுத்தியது. எனக்கு ஒன்றும் ஏறவில்லை. மரக்கறிச் சாப்பாட்டோடு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு வரைக்கும் நான் நாளை ஓட்டியதே ஒரேயொரு நினைப்பில்தான். அந்தியேட்டி முடிந்த மறுநாள் மச்சப் படையல். இறந்தவருக்குப் பிடித்த மீனும் இறைச்சியும் சமைத்துப் படத்துக்கு முன்னால் வைக்கிற நாள். அவர் கையால் பிடித்த மீனை அவருக்கு வைக்க வேண்டும். அந்த மனிதருக்கு நான் செய்யக்கூடியது அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

அந்தியேட்டி முடிந்த பின்னேரம், மீனை எடுத்து இளகவிடலாம் என்று பிரீசரைத் திறந்தேன். ஒரு பை பச்சைப் பட்டாணி கிடந்தது. மற்றபடி வெறுமை. கழுவித் துடைத்த வாசம் வேறு.

செத்தவீட்டு நேரம் குசினியைப் பார்த்தது நோத்ர-டாம்-த-கிரேசில் இருக்கிற அவருடைய தங்கை தாட்சாயினி. போன் எடுத்தேன்.

"செத்தவீட்டிலை மச்சம் வைச்சிருக்கிறதே மச்சாள்? அண்டைக்கே எல்லாத்தையும் துப்புரவாக்கிப் போட்டன்" என்றாள், நான் நன்றி சொல்லுவேன் என்ற குரலில்.

"மீன் எங்கையடி?"

"இறைச்சியளை எறிஞ்சனான். அந்தப் பெரிய மீனை எறிய மனம் வரேல்லை. உங்கடை றோட்டு அன்டனிட்டைக் குடுத்தனான். சேர்ச்சுக்குப் போற வேதக்காரருக்குச் செத்தவீட்டுத் துடக்கு இல்லைத்தானே. தபசு காலமும் வருகுது, இறைச்சி தின்னாயினம், மீன் உதவும் எண்டு..."

வாயில் வந்ததெல்லாம் சொல்லிவிட்டு போனை வைத்தேன். அவள் செய்தது வழக்கம்தான். வழக்கம் நாசமாய்ப் போக.

ரதீசன் சமாதானத்துக்கு வந்தான். "விடுங்கோ அம்மா. விடிய ஜான்-டலோன் சந்தையிலை வாங்கித் தாறன். அதே மீன்தானே."

"அதே மீன் இல்லை."

"அப்பாவுக்குத் தெரியப் போகுதே?"

"தெரியாதெண்டால் ஏனடா படைக்கிறம்?"

நான் வாசலில் கிடந்த அவருடைய பனிச் சப்பாத்துக்குள் காலை விட்டுக்கொண்டு இறங்கினேன்.

அன்டன் வீட்டுப் படியேறும்போதே மீன் பொரிக்கிற மணம். அன்றைக்குத் தபசு காலத்து வெள்ளிக்கிழமை, வேதக்காரர் இறைச்சி தொடாத நாள். மீன் போய்விட்டது என்று நினைத்தேன். பாசையூர்க் கடற்கரையில் பிறந்த மனிதன், இவரோடு சேர்ந்து ஏரிக்குப் போனாலும் ஏரி மீனைப் பழிக்காத நாளில்லை. ஆனால் தபசு காலத்தில் சும்மா வந்த மீனை யார் விடுவார்கள்?

கதவைத் திறந்தான். "அக்கா, உள்ளை வாங்கோ."

"என்ன மீன் பொரிக்கிறியள்?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு சப்பாத்தைப் பார்த்தான். கீழே இறங்கிப் போய், அந்தப் பையை அப்படியே கொண்டுவந்து என் கையில் வைத்தான்.

"அது கடையிலை வாங்கின பாரை, அக்கா. அண்ணை பிடிச்சதை நான் எப்பிடி வெட்டுறது? ஓட்டை போட்டது நான், மீன் ஏறினது அவருக்கு. அண்டு முழுக்க அதைச் சொல்லியே என்னைப் பகிடி பண்ணினவர். துடக்கு வீட்டுக்கு மீனைத் திருப்பிக் கொண்டரவும் பயமாக் கிடந்தது." அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

நெஞ்சு விறைக்க விறைக்க அதை அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்த மாதத்தில் எனக்குச் சந்தோசம் என்று வந்தது அந்த நடை ஒன்றுதான்.

மறுநாள் புளியும் மிளகும் கூட்டிக் குழம்பு வைத்தேன். படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு, சோறு, குழம்பு, நடுத்துண்டு எல்லாம் வைத்துக் கற்பூரம் காட்டினோம். பிறகு மூன்று பேரும் சாப்பிட இருந்தோம்.

ஒருவரும் மீனில் கை வைக்கவில்லை.

தனுஷா துண்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். ரதீசன் குழம்பை மட்டும் சோற்றில் விட்டுக் குழைத்தான். எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் வீட்டில் முள்ளெடுப்பது அவருடைய வேலை. அந்த மேசையின் தொங்கல் முனையில் இருந்துகொண்டு, விரலால் பிரித்துப் பிரித்து, தனுஷாவின் தட்டில், ரதீசனின் தட்டில், பிறகு என் தட்டில் சதையை மட்டும் வைப்பார். பிள்ளைகள் முப்பது வயது தாண்டியும் அது மாறவில்லை. நாங்கள் சாப்பிட்டு முடிக்கிற நேரம்தான் அவர் தன்னுடைய ஆறிப்போன சோற்றைத் தொடுவார். தலையும் வாலும் அவருக்கு.

"எனக்கு இதிலை முள்ளு எடுக்கத் தெரியாது அம்மா" என்று சொல்லிவிட்டு தனுஷா அழத் தொடங்கினாள்.

பின்னேரம் இருவரும் வெளிக்கிட்டார்கள். "தனிய இருப்பியளோ?" என்று ரதீசன் கேட்டான். "எனக்கென்ன" என்றேன். கார் போன சத்தமும் அடங்கியது.

அவருடைய இலையில் இருந்த நடுத்துண்டை எடுத்துச் சாப்பிட்டேன். இரண்டாவது வாயிலேயே முள் தொண்டையில் குத்தியது. இருமினேன். கண்ணால் தண்ணீர் கொட்டியது. முதுகில் தட்டி, "வெறுஞ்சோத்தை உருட்டி விழுங்கு, சப்பாதை" என்று சொல்ல ஆளில்லை. நானே உருட்டி விழுங்கினேன். முள் இறங்கியது. தனிமை என்றால் என்னவென்று அந்த மாதம் முழுக்க ஆட்கள் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான் என்று நினைத்தேன்.

பிறகுதான் அந்த இலையைத் திரும்பப் பார்த்தேன். முள்ளோடு அல்லவா வைத்திருக்கிறேன். இவ்வளவு காலத்தில் அவருக்கு ஒருத்தரும் முள்ளெடுத்துக் கொடுத்ததில்லை.

குழம்பை அடுப்பில் வைத்துச் சூடாக்கினேன். நல்ல துண்டாக ஒன்றை எடுத்துக்கொண்டு மேசையின் தொங்கலில், அவருடைய கதிரையில் இருந்தேன். எனக்கு அது பழக்கமில்லாத வேலை. நகத்தால் தடவித் தடவி ஒவ்வொன்றாக இழுத்தேன். வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது. சதையை மட்டும் இலையில் கொண்டுபோய் வைத்தேன்.

"இஞ்சாருங்கோ, முள்ளில்லை" என்றேன். "ஆற முந்திச் சாப்பிடுங்கோ."