கை எட்டும் உயரம்

“நாளைக்கு அங்க என்னைப் பார்த்தா, தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதம்மா” என்று மகள் சொன்னபோது அம்மா அவளுடைய பள்ளிச் சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“ஏன், நான் யாரையாவது கடிச்சு வைப்பேனா?”

“விளையாடாதம்மா. சார் முன்னாடி ஒரு மாதிரி இருக்கும்.”

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு வேலையிடத்துக்குப் போய், அங்கே ஒருவரின் பின்னாலேயே நாள் முழுக்க நடந்து, வேலை என்றால் என்னவென்று பார்த்து வர வேண்டும் என்பது பள்ளியின் புது ஏற்பாடு. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வங்கி கிடைத்திருந்தது. இவளுக்குக் குலுக்கலில் விழுந்தது ஓட்டல். அதுவும் அம்மா அறை துடைக்கும் அதே ஓட்டல். இவள் பின்தொடர வேண்டிய ஆள், அம்மாவும் மற்றவர்களும் துடைத்து வைத்த அறைகளைச் சோதித்துப் பார்க்கும் மேலாளர்.

மேலாளர் குள்ளம். அவரை வைத்து வீட்டில் எத்தனையோ நாள் சிரித்திருக்கிறார்கள். “அந்தாளு கை எட்டுற உயரம் வரைக்கும்தான் எங்க ஓட்டல் சுத்தம். கதவு நிலைக்கு மேல எல்லாம் வாரத்துக்கு ஒருக்கா போதும்” என்று அம்மா சொல்ல, வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்கி மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். இப்போது அவள் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சட்டையை உதறி மடித்து, “சரி, காட்டிக்கல” என்றாள்.

காட்டிக்கொள்ளாமல் இருப்பதைவிடக் கண்ணில் படாமல் இருப்பது நல்லது என்று காலையில் பேருந்தில் அம்மாவுக்குத் தோன்றியது. அவளுக்கு மூன்றாவது மாடி. வெளியாள் யார் வந்தாலும் மேலாளர் முதலில் கூட்டிப்போவது அங்கேதான். புதிதாக வண்ணம் அடித்த மாடி. ஐந்தாவது மாடி, கூட வேலை பார்க்கும் ரேடியோவுடையது. வாய் மூடாமல் பேசுவதால் எல்லாரும் வைத்த பெயர். அவளே போனை எடுத்தால் “ரேடியோ பேசறேன்” என்றுதான் சொல்வாள்.

“இன்னைக்கு ஒரு நாள் மாடி மாத்திக்கலாமா?” என்று அம்மா கேட்டாள். காரணத்தையும் சொன்னாள்.

ரேடியோ கண்ணை உருட்டினாள். “என்னக்கா, பெத்த பொண்ணுகிட்டயே ஒளிஞ்சு விளையாடறியா? தாராளமா போ. நாளைக்கு அவ மேனேஜரா வந்தா எனக்கு ஏசி ரூம்ல உக்கார்ற வேலையா பார்த்துப் போடச் சொல்லு.”

சொல்லாமல் மாடி மாற்றுவது குற்றம்தான். இருவருமே ஒப்பந்தக் கூலிகள். அந்த மாதம் ஒருவரை நிரந்தரம் ஆக்கப்போகிறார்கள், அது இவர்கள் இருவரில் ஒருவர் என்று எல்லாருக்கும் தெரியும். நிரந்தரம் என்றால் ஒப்பந்தக்காரனின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். காய்ச்சல் வந்தால் படுக்கலாம். பிள்ளையின் கல்லூரிப் படிப்பில் பாதியை ஓட்டலே பார்த்துக்கொள்ளும். போட்டிக்காரிகள் இரண்டு பேரும் அதைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வதில்லை. வீட்டில் அம்மா பேசுவாள். “அந்த அஞ்சாவது மாடி ரேடியோ வாயாலயே வாங்கிட்டுப் போயிடுவா, பாரு” என்று மாதக்கணக்காகப் புலம்பியிருக்கிறாள்.

மூன்றாவது மாடி விருந்தினர் கூட்டம் அன்று சாயங்காலம் வரை அறையைக் காலி செய்யவில்லை. மேலாளர் மகளைக் கூட்டிக்கொண்டு நேராக ஐந்தாவது மாடிக்கே வந்துவிட்டார்.

அப்போது அம்மா ஓர் இரட்டை அறையில் ஒரு பாதியை முடித்துவிட்டு மறுபாதியில் குளியல் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு, ஒருக்களித்திருந்தது. குரல்கள் முடித்த அறைக்குள் வந்தன. அவள் தண்ணீரை நிறுத்தினாள்.

“கண்ணாடியை நேரா நின்னு பார்க்காதம்மா. பக்கவாட்டுல பாரு. அப்பதான் துடைச்ச கோடு தெரியும்.”

“கோடே இல்ல சார்.”

“இல்லல்ல? நல்ல கை. விரிப்பு?”

“மடிப்பு நேரா இருக்கு சார்.”

தெளிவாக, தயங்காமல் பேசுகிறாளே என்று அம்மாவுக்கு உள்ளே ஏதோ பொங்கியது. ஈரக் கையோடு தொட்டி விளிம்பில் உட்கார்ந்து கேட்டாள்.

“சரி, அடுத்த ரூமுக்குப் போலாம்.”

“சார், ஒரு நிமிஷம். கதவு நிலைக்கு மேல பார்க்க வேண்டாமா?” கொஞ்சம் நிறுத்தி, “எனக்கு எட்டும் சார்” என்றாள்.

செருப்பு நுனி தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது.

“பாருங்க சார், விரலை.”

“அட. இத்தனை வருஷத்துல எனக்குத் தோணலையே. உனக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தது?”

“சும்மா தோணுச்சு சார்.”

“இது ரேடியோவோட மாடி. நிரந்தரத்துக்கு அவ பேரும் இருந்துச்சு. நல்லவேளை, இப்பவே தெரிஞ்சுது.”

“அப்போ சார், மூணாவது மாடிக்காரங்களுக்குத்தானே கிடைக்கும்?”

“வேற யாரு இருக்கா? அவங்களுக்குத்தான்.”

நடுக்கதவு இரண்டெட்டுத் தூரத்தில் இருந்தது. தள்ளினால் போதும். போய் நின்றால் மாடி மாற்றிய விஷயமும் வெளியே வரும். தன் பேரும் போகும், ரேடியோ பேரும் போகும். யாருக்கு என்ன லாபம் என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது நியாயமாகவே இருந்தது. வசதியாகவும் இருந்தது. அதற்குள் குரல்கள் வராந்தாவில் தேய்ந்து போயின. அவள் தொட்டியை மறுபடி முதலிலிருந்து தேய்க்கத் தொடங்கினாள்.

வேலை முடிந்து உடை மாற்றும் அறையில் ரேடியோ சீருடைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“கூப்பிட்டாரா?” என்றாள் அம்மா.

“கூப்பிட்டாரு. தூசின்னாரு.”

“மாடி மாத்தினதை நீ சொல்லலையா?”

“சொன்னா உன்னையும் சேர்த்துல்ல இழுக்கும்? நீயா வந்து சொல்லுவேன்னு கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கிட்டு நின்னேன். அவரு போன் பேச ஆரம்பிச்சுட்டாரு. வந்துட்டேன்.” சீருடையை மடித்துப் பைக்குள் திணித்தாள். “உன் பொண்ணு நல்ல உயரம்க்கா. உன்ன மாதிரி இல்ல.”

பேருந்து நிறுத்தத்தில் மகள் காத்திருந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அம்மாவின் கையைப் பிடித்துக் காதருகே குனிந்தாள்.

“ரேடியோவை ஆஃப் பண்ணிட்டேன்மா. இனிமே உனக்குத்தான்.”

“அது நான் துடைச்ச ரூம்.”

“என்னம்மா சொல்ற?”

“உன் கண்ணுல பட வேண்டாம்னு மாடி மாத்திக்கிட்டேன்.”

மகள் கையை விட்டாள். சாலையைப் பார்த்தபடி நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்து அம்மா முந்தானையைக் கையில் எடுத்தாள்.

“சாருக்குத் தெரியுமா?” என்று மகள் கேட்டாள்.

“தெரியாது.”

“அவங்க சொல்லிட மாட்டாங்கல்ல?”

“மாட்டா.”

“அப்புறம் என்னம்மா?”

தானும் மத்தியானம் முழுக்க அதைத்தானே வேறு வார்த்தையில் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று அம்மாவுக்குத் தோன்றியது. கையில் எடுத்த முந்தானையை இடுப்பில் செருகினாள்.

பேருந்து வந்தது. மகள் முண்டியடித்து ஏறி ஜன்னலோரம் பிடித்து, பக்கத்து இருக்கையில் பையைப் போட்டாள். அம்மா முன்வழியில் ஏறினாள். பின்வழியில் ரேடியோ ஏறுவது தெரிந்தது. கூட்டத்துக்கு நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி அவள் நின்றாள். அம்மா பாதி வழியில் நின்றுவிட்டாள். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. வண்டி ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டது. ஏறியவர்கள் மகளிடம் குனிந்து, “இங்க ஆள் இருக்காம்மா?” என்று கேட்டார்கள்.

“எங்கம்மா வராங்க” என்று அவள் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள், பையின் மேல் கையை வைத்தபடி.