குச்சிக் கணக்கும் நோட்டுக் கணக்கும்

மூன்றாம் வகுப்பு டீச்சர் கணக்குப் பாடத்துக்கென்று பிள்ளைகளை மூன்று மேசைகளில் பிரித்து உட்கார வைத்திருந்தாள். சடசடவென்று போடுகிறவர்கள் ஜன்னலோரம். தட்டுத்தடுமாறிப் போடுகிறவர்கள் நடுவில். எண்ணைக் கையால் தொட்டால்தான் பிடிபடும் என்கிற பிள்ளைகள் கரும்பலகைக்குப் பக்கத்தில். அவர்களுக்கு மட்டும் பத்துப் பத்தாக ரப்பர் போட்ட குச்சிக்கட்டுகள். ஏற்பாடு ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, குருவி அதில் கல்லைப் போடும்வரை.

ஓரிடத்தில் உட்காராத சிறுமி என்பதால் வகுப்பே அவளுக்கு வைத்த பெயர் குருவி. ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால் எவ்வளவு? குச்சியை எண்ணி இருபத்தைந்து என்றாள். நோட்டிலோ முப்பத்தைந்து என்று எழுதியிருந்தாள். இரண்டில் ஏழு போகாதே என்று, ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டாள்.

"இதுல எதும்மா சரி?"

"ரெண்டும்தான் டீச்சர்."

"அதெப்படி ரெண்டும் சரியாகும்?"

"இது குச்சிக் கணக்கு. அது நோட்டுக் கணக்கு."

டீச்சருக்குத் தலை கிறுகிறுத்தது. ஜன்னலோர மேசையின் சூரப்புலியைக் கூப்பிட்டாள்.

"நீ இவளுக்குச் சொல்லிக்குடுடா."

"ரெண்டுல ஏழு போகாது. பக்கத்துல கடன் வாங்கணும்," என்றான் அவன், மூச்சு விடாமல்.

"எதுக்குக் கடன் வாங்கணும்?" என்றாள் குருவி.

"டீச்சர் சொன்னாங்க."

டீச்சருக்கு எங்கோ உறைத்தது. அவன் கையில் ஐந்து கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் கொடுத்து, "இருபத்தேழு எடு," என்றாள். இரண்டு கட்டை எடுத்து வைத்தான். மீதி ஏழுக்கு உதிரியைப் பார்த்தான். டீச்சரைப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது.

"குச்சி பத்தல டீச்சர்."

"ஒரு கட்டைப் பிரியேன்டா!" என்றாள் குருவி.

சாப்பாட்டு இடைவேளையில் டீச்சர், தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்கு உதவ வரும் இன்னொரு டீச்சரிடம் புலம்பினாள். "யாரை எங்க உட்கார வைக்கிறதுன்னே தெரியலக்கா. அவன் சரியாப் போடுறான், புரியல. இவளுக்குப் புரியுது, தப்பாப் போடுறா. இல்ல, இவளுக்கும் புரியலையா?"

"என்னைக் கேட்டா? ரெண்டு பேரையும் ஒண்ணா உட்கார வெச்சுப் பாரு."

மறுநாள் அதே கணக்குக்குக் குருவி குச்சியைப் பிரிக்க, சூரப்புலி எழுதினான். அவள் ஒரு கட்டின் ரப்பரை உருவியதும் அவன் ஐந்தை அடித்து நாலாக்கினான்.

"அஞ்சை ஏன்டா அடிச்ச?"

"நீதானே ஒரு கட்டைப் பிரிச்ச? இப்போ நாலு கட்டுதானே..." என்றவன், தான் சொன்னதைத் தானே கேட்டவன்போல நின்றுவிட்டான்.

குருவி நோட்டை இழுத்து முப்பத்தைந்தை அழித்து இருபத்தைந்து என்று எழுதினாள். டீச்சருக்குக் கை தட்டலாம் போலிருந்தது. அதற்குள் அவள் அடுத்த கணக்குக்குத் தாவி, பழையபடி பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்து வைத்தாள். சூரப்புலி ஒரு குச்சிக்கட்டை அவள் பக்கம் தள்ளினான்.

புரிந்ததா, இல்லையா? டீச்சருக்குத் தெரியவில்லை. மூன்று மேசைகளையும் இழுத்து ஒன்றாகச் சேர்த்துப் போட்டாள். அது சரியா என்பதும் தெரியவில்லை.