போகிற வழியில் இல்லாத பாலோ

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துத் தையல் தொழிற்சாலைகளில் மெஷின் பழுதுபார்க்கும் கமலநாதனுக்கு நிரந்தர வேலை என்று ஒன்று இருந்ததே இல்லை. பத்து பாகாட்டில் மூன்று வாரம், குளுவாங்கில் பத்து நாள், ஜொகூர் பாருவில் ஒரு மாதம் என்று எல்லாமே ஒப்பந்த வேலை. எங்காவது பெரிய ஆர்டர் வந்து, தூங்கிக் கிடக்கும் பழைய மெஷின்களை எழுப்ப வேண்டியிருந்தால் அவரைக் கூப்பிடுவார்கள். ஆர்டர் முடிந்ததும் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். அவரும் கருவிப் பெட்டியை வேனில் போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்.

மனைவி இறந்து எட்டு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. ஜொகூர் பாருவில் ஒரு வாடகை அறை, அதில் ஒரு கட்டில், கழுத்தைத் திருப்பும்போதெல்லாம் முனகும் ஒரு மின்விசிறி. நாற்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு மனிதர் சந்தோஷமாக இருக்க முடியுமா என்றால், வேன் ஓட்டும்போது இருந்தார். இருபுறமும் செம்பனை, முன்னால் சாலை, அதன்மேல் இன்னும் கலையாத காலைப் பனி. அதற்குள் பாதித் தூக்கத்தில் போகிறவரைப் போலப் போவார். போக்குவரத்துப் போலீஸ்காரர்கள் பயப்பட வேண்டாம். தூங்கியது மனசுதான், கண் விழித்துத்தான் இருந்தது.

ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்குப் போகும் செலவை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று யாரோ சொல்லப்போய், அந்த ஜூன் மாதம் அவர் ரூபினியைப் பார்க்கப் போனார். ரூபினி ஒரு கடைவீட்டு மாடியில் வரிக்கணக்கு பார்த்துக்கொடுக்கும் இளம்பெண். பேச்சு கறாராக இருக்கும், மனசு நல்லது. கமலநாதன் பிஸ்கட் டின்னைத் திறந்து, போன வருட ரசீதுகளை அவள் மேசையில் கொட்டினார்.

"அங்கிள், மொதல்ல ஒண்ணு தெரிஞ்சிக்குங்க," என்றாள் ரூபினி. "உங்க ரூம்லேருந்து வேலைக்குப் போறத கழிக்க முடியாது. ஒரு வேலை எடத்துலேருந்து இன்னொரு வேலை எடத்துக்குப் போறதுதான் கணக்கு. என்ன தேதி, எங்கேருந்து எங்க, எதுக்குப் போனீங்க, இந்த மூணும் வேணும். சொந்த விசயமா போனத சேக்கக்கூடாது."

"எனக்கு ஏதும்மா சொந்த விசயம்? எல்லாம் வேலைதான் லா," என்றார் கமலநாதன். பாவம், அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

பாதி ரசீதுகளில் எழுத்து வெளிறிப் போயிருந்தது. ரூபினி ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் தேதியையும் ஊரையும் வாசித்தாள். அவர் சொல்லும் காரணத்தைத் தட்டச்சு செய்தாள். குளிரூட்டி ஒரே சுருதியில் இரைந்தது. கமலநாதனுக்குக் கண் செருகியது. அவள் வாசிக்க வாசிக்க, மேசைக்கு அடியிலிருந்து சாலைகள் புறப்பட்டு அறைக்குள் வளைந்து வருவதுபோல் இருந்தது.

"மார்ச் பன்னெண்டு. பாலோ."

அன்றைக்குக் குளுவாங் வேலையை முடித்துவிட்டு சிகாமாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். பாலோ என்ற சிற்றூரில் வழி தெரியாத மழை. வேனுக்கு எண்ணெய் போட்டுவிட்டு எதிரே இருந்த தையல் கடையின் ஓரமாய் ஒதுங்கினார். உள்ளே ஒரு பெண் மெஷினைத் திட்டிக்கொண்டிருந்தாள். தையல் விட்டுவிட்டு விழுகிறதாம். பார்த்தால், ஊசிக் கம்பியைப் பிடிக்கும் சின்ன ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. இரண்டு நிமிட வேலை. காசு கொடுத்தாள், அவர் வாங்கவில்லை. பாலில்லாத தேநீர், தே ஓ ஒன்று போட்டுக் கொடுத்தாள். பேர் தேன்மொழி என்றாள், விவாகரத்தாகிப் பத்து வருடம், கடைக்குப் பின்னாலேயே வீடு என்றாள். மழை விட்ட பிறகும் அவர் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தார்.

"நான் போற வழிதான் இது," என்றார் கிளம்பும்போது. "அடுத்த தடவ ஒரு பார்வ பாத்துட்டுப் போறேன்."

"ஏப்ரல் ரெண்டு. பாலோ," என்றாள் ரூபினி.

மஞ்சள் ரவிக்கைத் துணி மேசையெல்லாம் விரிந்து கிடந்த நாள். ஸ்க்ரூ மறுபடி தளர்ந்திருந்தது.

"ஏப்ரல் பத்தொம்பது. பாலோ."

பள்ளிக்கூடச் சீருடைகள். கழுத்தில் அளவு நாடாவோடு அவள் வாசலில் நின்று, வேன் வருவதற்கு முன்பே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. இருபத்தைந்து வருட அனுபவத்தில் இப்படி ஒரு ஸ்க்ரூவை அவர் கண்டதில்லை. பசைகூடப் போட்டுப் பார்த்தார். பக்கத்தில் ரயில் போகிற அதிர்வில் கழன்றுகொள்கிறது என்று கடைசியில் ஒரு முடிவுக்கு வந்து, அதை அவளுக்கு விளக்கியும் சொன்னார். அவள் மிகவும் கவனமாகக் கேட்டுத் தலையாட்டினாள்.

மே, பாலோ. ஜூன், பாலோ. தீபாவளிக்கு முந்திய வாரம், பாலோ. அப்போது அவளுக்குத் தலைக்குமேல் வேலை. அவர் ஒரு முக்காலியில் உட்கார்ந்து இருபது சட்டைக்குப் பித்தான் தைத்துக் கொடுத்தார். மெஷின் ஓடிற்று, நின்றது, ஓடிற்று. அந்தச் சத்தம் இப்போது இந்த அறைக்குள்ளேயே கேட்டது.

"அங்கிள்."

"ம்."

"தூங்கிட்டீங்களா? பத்து பாகாட் வேலைய முடிச்சிட்டு நேரா ஜொகூர் பாரு வேலைக்கு வந்ததா சொன்னீங்க. நடுவுல பாலோவுல எப்படி எண்ணெய் போட்டீங்க?"

"போற வழிதானம்மா."

ரூபினி கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து அவர் முன்னால் தள்ளினாள். பத்து பாகாட் ஒரு பக்கம், ஜொகூர் பாரு ஒரு பக்கம். பாலோ எங்கேயோ வடக்கே, குளுவாங்குக்கும் அப்பால், தனியாகக் கிடந்தது. கமலநாதன் ஜொகூரின் சந்துபொந்தெல்லாம் அறிந்தவர். அந்த வரைபடத்தை முதல் தடவையாகப் பார்ப்பவரைப் போலப் பார்த்தார்.

"போய்ட்டுத் திரும்பி வர நூறு கிலோமீட்டர் சுத்து," என்றாள் ரூபினி. "மார்ச்சுல அந்த மொத தடவ மட்டும்தான் போற வழி. மிச்சம் பதினெட்டு தடவ. அங்க யாருக்கு வேல செஞ்சீங்க?"

"ஒரு தையக் கடை. மெஷின் பாத்துக் குடுத்தேன்."

"பில் போட்டீங்களா?"

"காசு வாங்கல."

"அப்ப என்னதான் குடுத்தாங்க?"

"தே ஓ," என்றார் கமலநாதன்.

ரூபினி தட்டச்சுப் பலகையிலிருந்து கையை எடுத்தாள். சிரிக்கக் கூடாது என்று நினைத்திருப்பாள் போலிருக்கிறது, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அவங்க பத்து வெள்ளி குடுத்த மாதிரி ஒரு ரெசிட் எழுதி வாங்கிட்டு வரட்டுமா? வேலைன்னு ஆயிடும்ல?" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

"குடுத்தாங்களா?"

"இல்ல."

"அப்ப அது பொய் அங்கிள். கடைசியில 'எல்லாம் உண்மை'ன்னு சொல்லி அனுப்பப்போறது நீங்க." அவள் குரல் தணிந்தது. "வேலைக்குப் போகலன்னா எதுக்குப் போனீங்க? நான் இத கழிக்கணும், இல்ல விட்டுடணும். எது?"

அவருக்குப் போன வாரம் நினைவுக்கு வந்தது. தேன்மொழி தே ஓ கோப்பையை வைத்துவிட்டு, "இந்த மாசக் கடைசியோட கடைய மூடப்போறேன். கிள்ளான்ல தம்பி வீட்டுக்கே வந்துடச் சொல்றான்," என்று சொல்லி அவர் முகத்தையே பார்த்தாள். மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா? "நல்லதுதான். தம்பிகூட இருந்தா ஒரு தொண," என்றார். சொல்லிவிட்டு ஸ்க்ரூவை இறுக்கினார். திரும்பி வரும்போது ஐயர் ஈத்தாம் ஊர் வரைக்கும் கண் கரித்தது, தூசி என்று நினைத்துக்கொண்டார். இப்படியும் ஒரு மடையன் இருப்பானா?

மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கடையின் இரும்புக் கதவு கீழே இறங்கிவிடும். எண்ணெய் நிலையத்தில் நின்று எதிரே பார்த்தால் ஒன்றும் இருக்காது. அந்த எண்ணம் வந்ததும் அவருக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

"விட்டுடும்மா," என்றார். "சொந்த விசயம். பதினெட்டும் சொந்த விசயம்தான்."

ரூபினி அந்தப் பதினெட்டு ரசீதுகளையும் ஒரு ரப்பர் வளையத்தில் கட்டி அவர் கையிலேயே கொடுத்தாள். "இது ஹாசில் வரி ஆபீசுக்கு வேணாம். உங்ககிட்டயே இருக்கட்டும்."

மறுநாள் காலையில் கமலநாதன் கிளம்பினார். அன்றைக்கு எந்த ஊரிலும் அவருக்கு வேலை இல்லை, அடுத்த ஒப்பந்தத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. கருவிப் பெட்டியைத் தூக்கியவர், என்ன தோன்றியதோ, மறுபடி கட்டிலடியில் வைத்துவிட்டார். பெட்டி இல்லாத வேன் சத்தமே இல்லாமல் ஓடியது. குளுவாங்கைத் தாண்டியதும் பனி. சாலையோரத்தில் டுரியான் பழக் கடைகள் இன்னும் திறக்கவில்லை, வாசம் மட்டும் வந்துகொண்டிருந்தது. செம்பனை வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து வழிவிட்டன. இந்தச் சாலை நேரே ஓர் இடத்துக்குத்தான் போகிறது, அந்த இடத்தைத் தாண்டி எங்கேயும் போகவில்லை என்று அவருக்கு அன்றுதான் தோன்றியது. எண்ணெய் நிலையத்தில் அவர் நிற்கவில்லை.

கடையில் பாதி சாமான் அட்டைப்பெட்டிகளுக்குள் போய்விட்டிருந்தது. மெஷின் மட்டும் இடத்திலேயே இருந்தது. தேன்மொழி நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னைக்கு எங்கேருந்து எங்க?" என்றாள் வழக்கம்போல.

"ரூம்லேருந்து இங்க."

"பெட்டி எங்க?"

"கொண்டுவரல."

அவள் கையிலிருந்த துணியை மெதுவாகக் கீழே வைத்தாள். கமலநாதன் வேனில் வரும்போது நிறைய வாக்கியங்களைத் தயார் செய்திருந்தார். அதையெல்லாம் விட்டுவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ரசீதுக் கட்டை எடுத்து மெஷின்மேல் வைத்தார்.

"பாலோ எனக்குப் போற வழி இல்லைங்க," என்றார். "எங்கேருந்து எங்க போனாலும் இது போற வழி இல்ல. ஒரு வருசத்துக்கு மேல உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். வரிக் கணக்குல எழுதணும்னு உக்காந்தப்பதான் எனக்கே தெரிஞ்சிச்சு. கிள்ளானுக்குப் போகாதீங்க. நீங்க போயிட்டா நான் எங்க போறது?"

தேன்மொழி ரசீதுகளை எடுத்து, ஒவ்வொன்றாகப் புரட்டினாள். சிலவற்றில் எழுத்தே இல்லை. அவள் கண் நிறைந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"பாலோக்காரிக்குத் தெரியாதா, எது எங்க போற வழின்னு?" என்றாள். "போன வாரம் நீங்க 'நல்லதுதான்'னு சொன்னதும் ராத்திரி பூரா அழுதேன்."

பிறகு மெஷினின் சிறிய இழுப்பறையைத் திறந்தாள். நூல்கண்டுகளுக்கு அடியில் கைவிட்டு ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். முனை தேய்ந்திருந்தது. ஊசிக் கம்பியின் அந்த ஸ்க்ரூவுக்குப் பொருந்தும் அளவு அதுதான் என்று கமலநாதனுக்குப் பார்த்தவுடனே தெரிந்தது.

"ரயிலு இல்ல," என்றாள் தேன்மொழி. "மொத தடவைக்கு அப்புறம் ஒவ்வொரு தடவையும் தளர்த்திவிட்டது நான்தான். இனிமே எனக்கு இது வேணாம்."