சூடேறாத எஞ்சின்

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். என் புளுகு பனிக்காலம் முழுக்கத் தாங்கியது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

ஏப்ரலில் பனிமான் மந்தையை ஓட்டிக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பும் முன், ரிஸ்தென் எல்லோருடைய பனி ஸ்கூட்டரையும் சோதிப்பாள். அவள் என் மனைவியின் அக்கா. மந்தையில் அவள் சொல்வதுதான் சட்டம். என் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தாள். அளவுக்குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தாள். எண்ணெய் மேல்கோட்டைத் தாண்டி நின்றது.

"பாத்தீங்களா மதினி? மத்தவன் வண்டி எண்ணெயைக் குடிக்கும். என் வண்டி சுரக்குது!"

எண்ணெய் சொட்டாமல் கீழே தட்டு பிடித்திருந்த அவளுடைய சித்தப்பா மகன் ஓவ்லா சிரித்தான். ரிஸ்தென் குச்சியை மோந்து பார்த்தாள். எண்ணெய் மூடியைத் திறந்தாள். உள்பக்கம் பால் காப்பி நிறத்தில் நுரை படிந்திருந்தது.

"தினம் எவ்வளவு தூரம் ஓட்டுன ஐலு?"

"நாப்பது கிலோமீட்டர். ஏரியைத் தாண்டி, மந்தையைச் சுத்தி ஒரு ரவுண்டு."

தூரம் காட்டும் திரை ஜனவரிக் குளிரிலேயே செத்துப்போயிருந்தது. அந்தத் தைரியம்தான்.

"நாப்பது கிலோமீட்டர் ஓடியிருந்தா எஞ்சின் நல்லா காஞ்சு, தண்ணி பெட்ரோல் எல்லாம் ஆவியாப் போயிருக்கும். இதுல ரெண்டும் எண்ணெயோட கலந்து அப்படியே கெடக்கு, அதான் மட்டம் ஏறியிருக்கு. சூடேறதுக்குள்ள அணைச்ச வண்டி இது. எங்கதான் போயிட்டு வந்த?"

ஓவ்லாவின் சிரிப்பு நின்றது.

மார்ச்சில் எங்கள் மான்கள் பக்கத்து மந்தையில் கலந்துவிட்டன. மான் கணக்கை வாய்விட்டுச் சொல்வது எங்களில் வழக்கமில்லை; நிறைய என்று மட்டும் சொல்லலாம். பகல் காவல் என்னுடையது, மாலைக் காவல் ஓவ்லாவுடையது. நான் சுற்றி வந்தபோது எல்லையில் ஒரு மான் தடம்கூட இல்லை என்றேன். அப்படியானால் மாலையில் அவன் தூங்கிய நேரத்தில்தான் போயிருக்கும் என்று பழி அவன் தலையில் விழுந்தது. கடற்கரைப் பயணத்திலிருந்து அவனை நீக்கினார்கள். நான் வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருந்தேன்.

"பக்கத்து மேடு வரைக்கும்தான் மதினி," என்றேன். "அங்கேருந்து தொலைநோக்கியில பாத்துட்டுத் திரும்பிடுவேன். நவம்பர்ல ஐஸ் ஒடைஞ்சு ஏரிக்குள்ள போனேன்ல. அதுலேருந்து பயம்."

"பயம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆளை மாத்தியிருப்பேனே! நீ வர வேணாம். ஓவ்லா வரட்டும்."

அந்த ஏரியே என்னை விழுங்கியிருக்கலாம் என்று தோன்றியது.

ஓவ்லா குச்சியை வாங்கி மோந்து பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"அன்னிக்கு நான் கண்ணசரவே இல்ல மச்சான். நல்லா ஞாபகம் இருந்துச்சு," என்றான் மெதுவாக. "ஆனா நீ தடம் இல்லன்னு சொன்னதும், நான்தான் தூங்கியிருப்பேன்னு நம்பிட்டேன்."