வண்டிக்கு அழ ஓர் ஆள்

விழுப்புரம் கோர்ட்டு வாசலில் எனக்கு ஜெராக்ஸ் கடை. இந்த ஊர் ஆர்.சி. புக்குகளில் பாதியாவது என் மெஷினில் படுத்து எழுந்திருக்கும். "ஒரிஜினலப் பத்திரமா வச்சிக்குங்க சார், அது இல்லன்னா வண்டி வெறும் தகரம்" என்று, கேட்காதவர்களுக்கும் புத்தி சொல்லி அனுப்புவேன். அப்பேர்ப்பட்ட நான்தான் ஆர்.சி. புக்கே இல்லாத வண்டியை வாங்கினேன்.

காரணம் என் மனைவி கலைப்பிரியாவின் சக்கர நாற்காலி. முதுகுத்தண்டில் ஒரு கட்டி, அதற்கு ஒரு ஆபரேஷன், அதன் பிறகு இடுப்புக்குக் கீழே எதுவும் அவள் பேச்சைக் கேட்பதில்லை. ஏதோ முகாமில் கொடுத்த நாற்காலி, நல்ல இரும்பு, மடிக்க வராது. ஆட்டோவில் அவள் ஏறினால் அது ஏறாது. அது ஏறினால் அவளுக்கு இடமிருக்காது. ஆகவே இரண்டு வருஷமாக இரண்டும் வீட்டுக்குள்ளேயே இருந்தன.

"குப்ப வண்டிகூட தெனம் ஊரச் சுத்திட்டு வருது. எனக்கு அந்தக் குடுப்பினகூட இல்ல" என்பாள்.

பைபாஸ் ஓரம் பழைய வண்டி விற்கும் இருதயராஜ்தான் அந்த அம்பாசடரைக் காட்டினார். சாதாரண அம்பாசடர் இல்லை. டிக்கிக்குப் பதிலாகப் பின்பக்கம் நீளமாக இழுத்து, மேலே தூக்கும் கதவு வைத்தது. எஸ்டேட் என்பார்களாம். அவர் கதவைத் தூக்கிக் காட்டியபோது உள்ளே மடிக்காத நாற்காலி ஒன்று உட்கார்ந்திருப்பதாகவே எனக்குத் தெரிந்தது.

"ஆர்.சி. புக்கு?"

"தொலஞ்சிப் போச்சி சார். டூப்ளிகேட்டுக்குப் போட்டிருக்கேன். திங்கக்கெழம வண்டியத் திண்டிவனம் ஆர்.டி.ஓ. ஆபீஸாண்ட எடுத்தாந்துடுங்க. சேஸ் நம்பர் பாத்துட்டுக் கையில குடுத்துடுவாங்க."

பணத்தைக் கொடுத்துவிட்டேன். ரசீது கேட்கவில்லை. கேட்டால் அவர் மனசு கஷ்டப்படுமோ என்று இருந்தது. இந்த மாதிரி யோசனையெல்லாம் எனக்கென்று வரும்.

திங்கட்கிழமை கலைப்பிரியாவைத் தூக்கிப் பின்சீட்டில் உட்கார வைத்தேன். நாற்காலி அவளுக்குப் பின்னால் ராஜா மாதிரி ஏறிக்கொண்டது. விக்கிரவாண்டி டோல்கேட் வரைக்கும் வழியில் வந்த போர்டு ஒவ்வொன்றையும் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டே வந்தாள். உரக்கடை, பல் ஆஸ்பத்திரி, பரோட்டாக் கடை, எதையும் விடவில்லை.

திண்டிவனத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு பெரியவர் ரோட்டில் இறங்கி வண்டியை மறித்தார். பானெட்டின் மேல் கன்னத்தை வைத்து, "வந்துட்டியாடா எஞ்சாமி" என்று அழுதார். ஆள் மேல்தான் வண்டியை ஏற்றிவிட்டேனோ என்று பதறிக் கீழே இறங்கினேன். அவர் வண்டியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

பெயர் தேவசகாயம் என்றார். மனைவி ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்த அன்றைக்கு வீட்டு வாசலிலிருந்து திருடு போன வண்டியாம். இதே வண்டியில் சாய்ந்து மனைவியோடு எடுத்த போட்டோவைக் காட்டினார். பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் கதவில் போட்டார். திறந்தது.

"ஸ்டேஷன்ல போயிப் பேசிக்கலாம் வா. உங்கிட்ட இன்னா பேப்பர் இருக்குது?"

என்னிடம் ஒரு முறுக்குப் பாக்கெட் இருந்தது. திருட்டு வண்டியை வாங்கினவனும் திருடன்தான் என்று கோர்ட்டு வாசலிலேயே கடை வைத்திருப்பவனுக்குத் தெரியாதா? என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவரே குரலைத் தாழ்த்தினார்.

"வாணாம் தம்பி. நடக்க முடியாத பொண்ண வச்சிக்கினு நீ ஸ்டேஷன்ல நிக்கிறத என்னால பாக்க முடியாது. சாவியக் குடுத்துட்டு நல்லபடியா வீடு போய்ச் சேரு."

அவ்வளவு நல்ல மனுஷரைப் பார்த்து நானும் அழுதேன். மன்னிப்புக் கேட்டேன். வண்டி கிளம்பும்போது பின்னால் தள்ளியும் விட்டேன்.

ரோட்டோரம் நாங்கள் இருவரும் நாற்காலியும். கடைசியில் வாழைத்தார் ஏற்றி வந்த ஒரு குட்டி யானை வேன்காரர் மனசு வைத்தார். தார்களுக்கு நடுவில் அவளை நாற்காலியோடு வைத்துக் கயிறு போட்டுக் கட்டினோம். விழுப்புரம் வரைக்கும் எல்லா பஸ்ஸும் எட்டிப் பார்த்தது.

"கல்யாண ஊர்வலமாட்டமே இருக்குதுங்க. வாழகூட கட்டியாச்சி" என்றாள்.  அதற்குப் பிறகு வீடு வரைக்கும் வழியில் போர்டு எதையும் படிக்கவில்லை.

அடுத்த வாரம் கடைக்கு ஜெராக்ஸ் பேப்பர் வாங்கப் பைபாஸ் பக்கம் போனபோது, இருதயராஜின் ஷெட்டில் அதே வண்டி கழுவித் துடைத்து நின்றது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு தேவசகாயம் போண்டா தின்றுகொண்டிருந்தார்.

இருதயராஜ் கொஞ்சமும் அசரவில்லை. "வாங்க சார். டீ சொல்லட்டுமா?"

"நான் ஸ்டேஷனுக்குப் போறேன்."

"போங்களேன். இன்னான்னு எழுதிக் குடுப்பீங்க? பேப்பரு இல்லாத வண்டிய ரசீது இல்லாம வாங்கி, யாருன்னே தெரியாத ஆளுக்கு அழுதுகினே குடுத்துட்டேன்னா? நீங்க மூணாவது ஆளு சார். இதுவரைக்கும் ஒருத்தரும் போவல."

 அவர் ஒரு போண்டாவை என் கையில் வைத்தார்.

"நல்ல நேரத்துல வந்தீங்க. பெரியவருக்குக் கண் ஆபரேஷன் ஆயிருக்கு. அழவே கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாராம். பேஜாராப் போச்சி. உங்களுக்குப் பொறந்ததுலருந்தே அழுத மூஞ்சி. வீட்டம்மா வேற அந்தச் சேருல. ஜனங்க பாத்த ஒடனே சாவியக் குடுத்துடுவாங்க. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வண்டி உங்களுக்கு. டீசல் என்னுது."

காறித் துப்பாமல் வந்தேன். வாயில் போண்டா இருந்தது. வீட்டுக்கு வந்து, எவ்வளவு கேடுகெட்டவன் பாரு என்று கலைப்பிரியாவிடம் மூச்சிரைக்கச் சொன்னேன். அவள் அவரைக்காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"ஞாயித்துக்கெழம முழுக்கவா?" என்றாள்.

அதற்கு மேல் என்னால் நல்லவனாக இருக்க முடியவில்லை. நாங்கள் இருவரும் வண்டியில் சாய்ந்து நிற்கும் போட்டோவை என் கடைக் கம்ப்யூட்டரிலேயே மங்கலாக்கிப் பழசாக்கினேன். அவளை நிற்கிற மாதிரி செய்யவும் வந்தது. அதைப் பிரின்ட் எடுத்துக் கொடுத்ததும் ரொம்ப நேரம் பார்த்தாள்.

வந்து மாட்டியவர் கோட்டக்குப்பம் சர்புதீன். துபாயில் பல வருஷம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்து திரும்பியவர். மூன்று பெண்கள், மனைவி, மாமியார், எல்லாரையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போக ஆசைப்பட்டு வாங்கியிருந்தார். இருதயராஜ் ஒரு குட்டி யானை பிடித்து எங்களையும் நாற்காலியையும் முன்கூட்டியே திண்டிவனத்தில் இறக்கிவிட்டிருந்தார். அதே இடத்தில் நான் ரோட்டில் இறங்கி, தனியாக ஓட்டி வந்தவருக்குக் கையைக் காட்டினேன். பானெட்டில் கன்னத்தை வைத்தேன். சூடு. கண்ணீர் வரவில்லை, கொப்புளம் வரும்போல இருந்தது.

"இது... எங்க வண்டிங்க பாய். திருடு போனது" என்றேன். போட்டோவைத் தலைகீழாக நீட்டினேன்.

சர்புதீன் பயப்படுகிற ஆளாகத் தெரியவில்லை. "அப்படியாண்ணே? வாங்க, ஸ்டேஷனுக்கே போயிடுவோம். வித்தவனையும் அங்கியே வர வைக்கிறேன்" என்று போனை எடுத்தார்.

"இல்ல பாய், மொதல்ல ஒரு டீ சாப்டுட்டு..." என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் ஜெயிலில் யாருக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பேன் என்று யோசிக்க ஆரம்பித்திருந்தேன்.

அப்போது கலைப்பிரியா நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வந்தாள்.

"அவரால பேச முடியாதுண்ணே, நான் சொல்றேன். எங்க பொண்ணு இந்தப் பின்சீட்டுலதான் போனா. கலைமதின்னு பேரு. ரெண்டாவது படிச்சிக்கினு இருந்தா. ஜொரம். ஜிப்மருக்குத் தூக்கினு போற வழியில வறுத்த மல்லாட்ட வாங்கிக் குடுன்னு கேட்டா. வாந்தி எடுப்பான்னு நான் குடுக்கல. என் மடியிலியே..." பின்கதவைத் திறந்து சீட்டின் ஓரத்தை ஒரு விரலால் தொட்டாள். "தல இங்க இருந்திச்சி."

எங்களுக்குக் குழந்தை கிடையாது. வேண்டாத கோயிலில்லை, பார்க்காத டாக்டரில்லை. கட்டி வந்த பிறகு அந்தப் பேச்சையே விட்டிருந்தோம். கலைமதி என்கிற பெயரை அன்றைக்குத்தான் நான் கேட்கிறேன். எத்தனை காலமாக வைத்திருந்தாளோ. ரெண்டாவது வரைக்கும் படிக்க வைத்திருக்கிறாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

எனக்கு அழுகை வந்தது. தேவசகாயமெல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது. ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

சர்புதீன் போனைச் சட்டைப்பையில் போட்டார். "எனக்கும் மூணு பொண்ணுங்க, தங்கச்சி" என்றார்.  என்னைத் தூக்கி நிறுத்தி, சாவியை என் கையில் வைத்து விரல்களை மூடினார். நாற்காலியை அவரே தூக்கிப் பின்னால் ஏற்றினார். கலைப்பிரியாவை அந்தப் பின்சீட்டில், குழந்தையின் தலை இருந்ததாகச் சொன்ன இடத்தில் அவள் கை படாமல் பார்த்து உட்கார வைத்தார்.

வண்டியை எடுத்தேன். கொஞ்ச தூரம் போனதும் கேட்டேன். "பிரியா, அந்தப் பேரு..."

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

கண்ணாடியில் நாற்காலியின் சக்கரம்தான் பெரிதாகத் தெரிந்தது. அதன் கம்பிகளுக்கு நடுவே சர்புதீன் இன்னும் ரோட்டோரத்தில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். கலைப்பிரியா திரும்பிப் பார்த்துத் தானும் கையாட்டினாள், அவர் சிறிதாகி மறைகிற வரைக்கும்.